கிழித்த ஓலையும் புதுவீட்டு ஒப்பந்தமும்

தமிழாசிரியர்களுக்குத் தடுத்தாட்கொண்ட புராணத்தை நினைவூட்ட வேண்டியதில்லை. புத்தூரில் சுந்தரருக்குத் திருமணம் நடக்கவிருக்கும் வேளையில் முதிய அந்தணர் ஒருவர் வந்து நிற்கிறார். சுந்தரரின் பாட்டனார் எழுதிக் கொடுத்த ஓலை தம்மிடம் உண்டென்றும், அதன்படி மணமகன் தமக்கு அடிமை என்றும் வாதிடுகிறார். சுந்தரர் சினங்கொண்டு அந்த ஓலையைப் பற்றிக் கிழித்தெறிகிறார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது. ஆங்கே அந்தணர், கிழிபட்டது படியோலையே என்று கூறி மூல ஓலையை எடுத்து நீட்டுகிறார். அவையோர் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வரவழைத்து, இரண்டையும் ஒப்புநோக்கி, எழுத்து ஒன்றே எனக் கண்டு தீர்ப்புக் கூறுகின்றனர்.

அடியார்களுக்கு இஃது இறைவன் ஆட்கொண்ட வரலாறு. சேக்கிழார் காலத்து ஊரவை எவ்வாறு வழக்கை ஆராய்ந்தது என்பதற்கு இஃது ஒரு சான்று என்பர் ஆராய்ச்சியாளர். நமக்கு ஈண்டு வேண்டியது அதிலுள்ள ஒரு சிறிய உண்மையே: ஓலை கிழிந்தது, கட்டு அறவில்லை.

இவ்வுண்மையைப் பிள்ளைகளுக்குப் பலமுறை சொல்லிய நானே, ஒரு குடும்பத்திற்கு அறிவுரை கூறும்போது அதை மறந்துவிட்டேன். ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன், செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர் ஒருவர், எங்கள் பள்ளி மாணவனின் தந்தை, பட்டணத்துப் புது வீடமைப்புப் பகுதியில் ஒரு தரைவீட்டிற்கு ஒப்பந்தம் செய்திருந்தார். வங்கி கடன் தர மறுத்துவிட்டது. கட்டித்தரும் நிறுவனத்திலிருந்து கடிதங்கள் வந்தவண்ணம் இருந்தன. என்ன செய்வதென்று என்னிடம் கேட்டார். "பதில் போடவேண்டாம், தானே அடங்கும்" என்றேன் நான். அடங்கியது உண்மைதான்; அவர் கட்டியிருந்த 18,000 வெள்ளியும் அதனோடு அடங்கிப் போயிற்று. முறையாக ஒரு கடிதம் எழுதியிருந்தால் 1,800 வெள்ளியோடு போயிருக்கும் என்பதைப் பின்னரே அறிந்தேன். இக்கட்டுரை அந்தத் தவற்றுக்கு நான் செலுத்தும் வட்டி என்று அன்பர்கள் கொள்ளலாம்.

அச்சாரமும் இசைவுதீட்டும்

கொடுத்த வாக்கிலிருந்து பின்வாங்குவது நம்மவர்க்கு மானக்கேடாகத் தோன்றும். ஆதலால் பின்வாங்க வேண்டிய நிலை வரும்போது அதை வெளிப்படச் சொல்லாமல் ஒளிந்து கொள்கிறோம். மூத்தோர் வழக்கில் இதற்கு இவ்வளவு கூச்சம் இருந்ததில்லை. மாடு பிடிப்பவன் அச்சாரம் கொடுத்தான். வாங்க மனமில்லையேல் அச்சாரத்தை இழந்து விலகினான். அச்சாரம் என்பது வாக்கின் உறுதிக்கு அடையாளம். விலகுவதன் விலையும் அதுவே. ஆனால் எழுத்து வந்ததும் நிலை மாறிற்று. நிலம் விற்றவர்கள் விலையையும் எல்லையையும் விரித்துரைத்து எழுதிக் கொடுத்த ஆவணத்தைக் கல்வெட்டுகள் 'விலைப்பிரமாண இசைவுதீட்டு' என்று குறிப்பிடுகின்றன. தீட்டு என்றால் எழுத்து. இருவரும் இசைந்து எழுதியதை ஒருவர் மட்டும் நினைத்து அழிக்க இயலாது.

இக்காலப் புதுவீட்டு வணிகத்தில் அச்சாரமும் உண்டு, இசைவுதீட்டும் உண்டு. விற்பனைக் கூடத்தில் கட்டும் முன்பதிவுப் பணம் முன்னது. வழக்கறிஞர் முன் கையொப்பமிடும் விற்பனை ஒப்பந்தம் பின்னது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதிலிருந்தே பெரும்பாலான துன்பங்கள் பிறக்கின்றன.

சட்டம் யாருக்காக எழுந்தது?

தீபகற்ப மலேசியாவில் புது வீடு கட்டி விற்பதைக் கட்டுப்படுத்துவது 1966ஆம் ஆண்டின் வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டம். 118ஆம் சட்டம் என்றும் சொல்வர். உரிமம் பெற்று வீடு கட்டி விற்பவரை அது மேம்பாட்டாளர் என்கிறது. சபாவுக்கும் சரவாக்குக்கும் தனிச் சட்டங்கள் உண்டு. ஒருவர் குடியிருந்த பழைய வீட்டை மற்றொருவர் வாங்குவதும் வேறு வகை. இங்குச் சொல்லப்படுவன அதற்குப் பொருந்தா.

1982ஆம் ஆண்டு கூட்டரசு நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. அப்போது நாட்டின் தலைமை நீதிபதியாக இருந்த துன் முகமது சுபியான் இச்சட்டம் பிறந்த காரணத்தைத் தெளிவாக எடுத்துரைத்தார். அரசு ஊழியர்க்குக் குறைந்த வட்டியில் வீட்டுக் கடன் கிடைக்கத் தொடங்கியதும் வீடுகளுக்குக் கிராக்கி பெருகியதென்றும், எளிய வருவாயுடைய வாங்குவோரைச் செல்வமும் செல்வாக்கும் மிக்க மேம்பாட்டாளர்களிடமிருந்து காக்கவே நாடாளுமன்றம் இதை இயற்றியதென்றும் அவர் கூறினார். சட்டவிதிக்கு முரணாக மேம்பாட்டாளர் எழுதிச் சேர்க்கும் வாசகம் செல்லாது என்பதும் அத்தீர்ப்பின் சாரம். அரசுக் கடனில் வீடு வாங்கிய ஆசிரியர்கள் நம்மிடையே பலர். அத்தீர்ப்பில் நம் கதையும் அடங்கியிருக்கிறது.

இதனால்தான் ஒப்பந்தத்தின் வாசகத்தை மேம்பாட்டாளர் தம் விருப்பப்படி எழுத முடியாது. 1989ஆம் ஆண்டு விதிகள் அதனை அட்டவணையாகவே அச்சிட்டுக் கொடுத்துவிட்டன. நிலத்தோடு கூடிய தரைவீட்டிற்கு 'ஜி' அட்டவணை. அடுக்குமாடி வீட்டிற்கு 'எச்' அட்டவணை. கோலாலம்பூரில் வாங்கினாலும் சுங்கைப்பட்டாணியில் வாங்கினாலும் வாசகம் ஒன்றே. ஆகவே அதை ஒருமுறை கற்றவர் பலருக்கும் உதவலாம். இனி, விலகுவதற்கு அதில் எத்தனை வாயில்கள் உண்டு என்று காண்போம்.

முதல் வாயில்: கையொப்பத்திற்கு முன்

ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன்னர் விலகுவதே எளிது. அந்நிலையில் இசைவுதீட்டு இன்னும் பிறக்கவில்லை. ஒப்பந்தம் விதித்துள்ள தொகையன்றி வேறு எப்பெயராலும் பணம் பெறலாகாது என்று 1989 விதிகளின் 11ஆம் விதி தடுக்கிறது. ஒப்பந்தப்படி முதல் தொகை, அதாவது விலையில் 10 விழுக்காடு, கையொப்பமிடும்போதுதான் செலுத்தத்தக்கது. ஆக, அதற்குமுன் 'முன்பதிவு' என்றோ 'ஒதுக்கீடு' என்றோ வாங்குவது விதிக்குப் புறம்பானது. 2021ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றம் இதை மீண்டும் வலியுறுத்தியது. அவ்வாறு பணம் பெற்ற மேம்பாட்டாளர்க்கு வீட்டை ஒப்படைக்கும் கெடுவும் அந்தப் பணத்தைப் பெற்ற நாளிலிருந்தே ஓடத்தொடங்கும் என்று அம்மன்றம் கூறிற்று.

நடைமுறையில் முன்பதிவுப் பணம் வாங்கப்படாமல் இல்லை. பற்றுச்சீட்டின் அடியில் 'திருப்பித் தரப்படமாட்டாது' என்று அச்சிட்டிருப்பதும் உண்டு. அவ்வரியைக் கண்டு அஞ்சிப் பணத்தைக் கைவிட்டவர் பலர். விதி தடுத்த பணத்திற்கு அச்சுவரி காவலாக முடியாது என்பதை அறிந்து, எழுத்து வழியாகத் திருப்பிக் கேட்பதே முறை.

இங்கே ஒரு செய்தியை வலியுறுத்த வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபின் 'மறுசிந்தனை நாள்' என்று ஒன்று நம் அட்டவணைகளில் இல்லை. மறுசிந்தனை முழுவதும் கையொப்பத்திற்கு முன்பே நடந்துவிட வேண்டும். வங்கி கடன் தருமா என்பதையும் அதற்கு முன்பே விசாரித்துக்கொள்வது நலம். மேம்பாட்டாளர் 'இலவசமாக' ஏற்பாடு செய்யும் வழக்கறிஞர் மேம்பாட்டாளரின் வழக்கறிஞர் என்பதையும் மறத்தலாகாது. நமக்கென ஒருவரை அமர்த்திக்கொள்ள நமக்கு உரிமை உண்டு.

இரண்டாம் வாயில்: கடன் கிடைக்காதபோது

கையொப்பமிட்டாயிற்று, பத்து விழுக்காடும் கட்டியாயிற்று. பின்னர் வங்கி கைவிரித்தால் என்செய்வது? எளியவர்க்கு மிகவும் பயன்படும் விதி இவ்விடத்தில்தான் இருக்கிறது. வாங்குபவரின் வருமானம் போதாமையால் கடன் மறுக்கப்பட்டு, அதற்குரிய சான்றை அவர் மேம்பாட்டாளரிடம் காட்டினால், அவர் செலுத்த வேண்டியது வீட்டு விலையில் 1 விழுக்காடு மட்டுமே. மேம்பாட்டாளர் ஒப்பந்தத்தை முடித்து, மிகுதியைத் திருப்பித் தர வேண்டும்.

இவ்விதியில் இரண்டு சொற்கள் உயிரானவை. ஒன்று 'வருமானம்', மற்றொன்று 'சான்று'. பழைய கடன் பாக்கியினாலோ, கேட்ட பத்திரங்களைக் கொடாமையினாலோ வங்கி மறுத்திருந்தால் இவ்விதி கை கொடுக்காமல் போகலாம். வீடு பிடிக்கவில்லை என்பதற்கோ இதில் இடமே இல்லை. ஆகவே வங்கியின் மறுப்பு எழுத்தில் இருக்க வேண்டும். காரணமும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வங்கிக் கிளையில் உள்ளவர் தொலைபேசியில் 'கிடைக்காது' என்று சொன்னது சான்றாகாது. பல வங்கிகள் காரணம் குறிக்காமலே மறுப்புக் கடிதம் அனுப்புகின்றன. நேரிற் சென்று, காரணத்தைக் குறித்துத் தரும்படி கேட்க வேண்டும்.

கணக்கில் வைத்துப் பார்ப்போம். 300,000 வெள்ளி வீட்டிற்குப் பத்து விழுக்காடு 30,000 வெள்ளி. ஒரு விழுக்காடு 3,000 வெள்ளி. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட 27,000 வெள்ளி, இரண்டு கடிதங்களைப் பொறுத்து நிற்கிறது: வங்கியிடமிருந்து பெறும் கடிதம் ஒன்று, மேம்பாட்டாளருக்கு அனுப்பும் கடிதம் ஒன்று.

மூன்றாம் வாயில்: மனம் மாறியபோது

வேலை மாற்றம், நோய், குடும்பப் பிரிவு, விலை மிகுதி என்ற எண்ணம் ஆகிய காரணங்களால் வாங்க விரும்பாதவர்க்கு ஒப்பந்தம் தனி உரிமை எதையும் தரவில்லை. பணம் கட்டாமல் நின்றுவிட்டால், குறித்த நாளுக்குப்பின் 28 நாள் கடந்ததும், மேம்பாட்டாளர் பதிவு அஞ்சலில் அறிவிப்பு அனுப்பி ஒப்பந்தத்தை முறித்ததாகக் கொள்ளலாம். அப்போது தாமத வட்டியும், விலையில் பத்து விழுக்காட்டிற்குக் குறையாத தொகையும் அவர்க்கு உரியனவாகும். எஞ்சியது இருந்தால்தான் வாங்கியவர் கைக்கு வரும். பத்து விழுக்காடு மட்டுமே கட்டியவர்க்கு எஞ்சுவது ஒன்றுமில்லை. வங்கி ஏற்கனவே கட்டுமானத் தவணைகளை விடுவித்திருந்தால் அக்கடனும் தலைமேல் நிற்கும்.

ஆயினும் பேசிப் பார்ப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. இருவர் இசைந்து கட்டியதை இருவரும் இசைந்து அவிழ்க்கலாம். வாங்க விரும்பும் வேறொருவரைக் காட்டி, மேம்பாட்டாளரின் இசைவோடு மாற்றிக் கொடுத்தவர்களும் உண்டு. வீடுகள் விரைந்து விற்கும் காலத்தில் இப்பேச்சு எளிது. விலைபோகாத காலத்தில் அரிது. எப்படியாயினும் முடிவு எழுத்தில் வரவேண்டும்.

நான்காம் வாயில்: கட்டடம் நின்றபோது

பின்வாங்குபவர் எப்போதும் வாங்குபவரே அல்லர். தூண்கள் எழுந்து, கம்பிகள் துருவேறி, லாலான் மூடிக்கிடக்கும் வீடமைப்புப் பகுதிகளை நாம் கண்டிருக்கிறோம். இங்கே வாக்குத் தவறியவர் மேம்பாட்டாளர்.

காலத் தாமதம் ஒன்று, கைவிடுதல் வேறு. தரைவீட்டை 24 மாதத்திலும் அடுக்குமாடி வீட்டை 36 மாதத்திலும் ஒப்படைக்க வேண்டும் என்பது அட்டவணைகளின் கெடு. தவறினால் விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு என்ற கணக்கில், நாளுக்கு நாள் இழப்பீடு உண்டு. 300,000 வெள்ளி வீட்டிற்கு இஃது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 82 வெள்ளி. இதற்குத் தனி வழக்கறிஞர் இன்றியே, 2002இல் ஏற்பட்ட வீடு வாங்குவோர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தை நாடலாம். தாமதத்திற்கு ஒப்பந்தம் முதலில் தருவது பணமே, விடுதலையன்று என்பதை மனத்திற்கொள்க.

விடுதலைக்குச் சட்டத்தின் 8ஏ பிரிவு வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தானபின் மேம்பாட்டாளர் தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலையை நிறுத்தினாலும், தாமதித்தாலும், செய்ய மறுத்தாலும் வாங்கியவர் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். அதற்கு இரண்டு துணை வேண்டும்: கடன் கொடுத்த வங்கியின் எழுத்து வழி இசைவு, வேலை நின்றதை உறுதிசெய்யும் வீடமைப்புக் கட்டுப்பாட்டாளரின் சான்று. அவ்வாறு முடித்தால் 30 நாளுக்குள் பெற்ற பணம் முழுவதையும் மேம்பாட்டாளர் திருப்பித் தரவேண்டும். வட்டி மட்டும் கிடையாது. இப்போதுள்ள இவ்வடிவம் 2015 முதல் நடப்பில் இருக்கிறது. பணமில்லாது நொடித்த நிறுவனத்திடம் இவ்வுரிமை எவ்வளவு பலிக்கும் என்பது வேறு கேள்வி. அதனால்தான் காத்திருந்து கடைசியில் வருவதைவிட, ஆறு மாதம் கடந்ததும் அண்டை வீட்டாருடன் கூடிக் கட்டுப்பாட்டாளரை அணுகுவது அறிவுடைமை.

அக்கரையில் எவ்வாறு?

சிங்கப்பூர் அன்பர்களும் இப்பக்கத்தைப் படிக்கின்றனர் ஆதலின் ஒரு சொல். அங்குத் தனியார் புது வீட்டிற்கு முதலில் தருவது வாங்கும் விருப்புரிமை ஆவணம். அதற்கு முன்பதிவுத் தொகை வழக்கமாக விலையில் 5 விழுக்காடு. ஒப்பந்தப் படிவம் கைக்கு வந்த மூன்று வாரத்திற்குள் கையொப்பமிட வேண்டும். இடாவிட்டால் அத்தொகையில் நான்கில் ஒரு பங்கை இழந்து முக்கால் பங்கைத் திரும்பப் பெறலாம். அஃதாவது, விலையில் 1.25 விழுக்காடு விலகும் விலை. கையொப்பமிட்டபின் முறித்தாலோ, விலையில் 20 விழுக்காடு வரை போகும். எண்கள் வேறாயினும் பாடம் ஒன்றே: கையொப்பத்திற்கு முன் விலகுவது மலிவு; பின் விலகுவது அரிது.

ஒரு பாட்டியின் பணம்

சென்ற ஆண்டு ஒரு மாலை, பள்ளி விட்டபின் ஒரு குடும்பம் என் அறைக்கு வந்தது. மகன் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுநர். மருமகள் துணிக்கடையில் வேலை. உடன் வந்த பாட்டி 31 ஆண்டு பால்வெட்டியவர். தம் சேமநிதிப் பணத்தில் மிச்சம் வைத்திருந்ததை, தோட்டத்து வீட்டை விட்டு எல்லாரும் சொந்த வீட்டில் குடியிருக்க வேண்டும் என்ற ஆசையால், மகனிடம் கொடுத்திருந்தார். 240,000 வெள்ளி வீடு. 24,000 வெள்ளி கட்டியாயிற்று. இரண்டு வங்கிகள் கடன் மறுத்துவிட்டன.

"சார், ரெண்டு மாசமா அவுங்க கூப்புட்டா நான் போன எடுக்கறதில்ல. வந்த லெட்டரயும் கிழிச்சிப் போட்டேன்" என்றார் மகன், தலையைக் குனிந்துகொண்டு.

எனக்கு அந்த லாரி ஓட்டுநரின் முகம் நினைவுக்கு வந்தது. "கிழிச்சது படியோலைதான், மூல ஓலை அவுங்ககிட்டதான் இருக்கு" என்று நான் சொன்னது அவர்க்கு விளங்கவில்லை. பாட்டிக்கு விளங்கிற்று. தோட்டத்துக் கோயிலில் புராணம் கேட்டவர் அவர்.

மருமகள் ஒரு நெகிழிப் பையை எடுத்துக் கொட்டினார். ஒப்பந்தப் படி, பற்றுச்சீட்டுகள், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கடிதங்கள் எல்லாம் அதில் இருந்தன. மேம்பாட்டாளரின் முறிவு அறிவிப்பு இன்னும் வந்திருக்கவில்லை. வங்கிக் கடிதத்திலோ காரணம் இல்லை. மறுநாள் மகனையே வங்கிக்கு அனுப்பினேன். மூன்று முறை அலைந்தபின், வருமானம் போதாது என்று குறித்த கடிதம் கிடைத்தது. ஊரிலுள்ள ஒரு வழக்கறிஞர் வாசகத்தைச் சரிபார்த்தார். கடிதத்தைப் பதிவு அஞ்சலில் அனுப்பி, அஞ்சல் சீட்டை அதே பையில் பத்திரப்படுத்தினோம்.

அக்கடிதத்தில் புலமை எதுவும் இல்லை. ஒப்பந்தத்தின் நாள், வீட்டின் எண், கட்டிய தொகை, கடன் மறுக்கப்பட்ட காரணம், இணைக்கப்பட்ட சான்று, ஒரு விழுக்காடு நீக்கி மிகுதியைத் தரவேண்டும் என்ற கோரிக்கை ஆகிய ஆறு செய்திகள்தாம். ஆறாம் ஆண்டு மாணவர்க்கு அலுவல் கடிதம் கற்பிக்கும் எவரும் அதை எழுதலாம். சில வாரங்களுக்குப்பின் 21,600 வெள்ளி திரும்பிற்று. பாட்டியின் வீட்டுக்கனவு நிறைவேறவில்லை. அவர் பணம் தப்பியது. இன்னும் சிறிய வீடாகப் பார்க்கிறார்கள். இம்முறை வங்கியிடம் முதலில் கேட்கிறார்கள்.

ஆசிரியர்கள் செய்யத்தக்கது

நம் பெற்றோர் பலர் மலாயிலோ ஆங்கிலத்திலோ உள்ள பல பக்க ஒப்பந்தத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் கையெழுத்திடுகின்றனர். கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டுபவர் உண்டு. விலகும் இடத்தைக் காட்டுபவர் இலர். நாம் வழக்கறிஞர்கள் அல்லேம், ஆகவும் வேண்டா. சட்டங்கள் திருத்தப்படுவன, முடிவான அறிவுரை அதை அறிந்தவரிடமே பெறவேண்டும். ஆயினும் எந்தக் கடிதத்தைக் கிழிக்கலாகாது, எதை எழுத்தில் கேட்க வேண்டும், எந்நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பவற்றை எடுத்துரைக்க எழுத்தறிவு போதும்.

பின்வாங்குதல் குற்றமன்று. கூறாமல் விலகுதலே கேடு. சுந்தரர்க்கு அந்த ஓலையால் அருள் வாய்த்தது. நம் தோட்டத்து மக்களுக்கு ஓலை வாயிலாக வருவது பெரும்பாலும் கடன்தான். எங்கள் பள்ளியின் அடுத்த பெற்றோர் கூட்டத்தில், அந்த ஆறு செய்திக் கடிதத்தின் மாதிரியைப் படியெடுத்து வைக்க எண்ணியுள்ளேன். வேறு பள்ளிகளும் அவ்வாறு செய்தால், முன்னர் என்னால் இழப்புற்ற அந்த ஓட்டுநருக்கு நான் பட்ட கடனில் ஒரு பகுதியேனும் தீரும்.